நீண்டதூர சைக்கிள் பயணங்கள் தலைமைப் பண்பைக் கற்றுத் தருமா?

இதைக் கேட்ட உங்கள் பொறுப்பில் புதிதாக ஒரு குழுவை விட்டிருக்கிறார்கள், யாரோ ஒரு பயிற்சியாளர் மாரத்தான் படங்களைக் காட்டிப் பேசியிருக்கிறார் என்று நினைக்கிறேன். கற்றுத் தரும் என்பதே என் பதில். ஆனால் "எல்லையைத் தாண்டு" என்று மேடையில் முழங்குகிறார்களே, அந்தப் பாடத்தை அல்ல.

மதுரையில் சில ஆண்டுகளாக 'பிரெவே' ஓட்டுகிறேன்; குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நீண்டதூர சைக்கிள் பயணம் அது. 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்துக்குள், 300 கிலோமீட்டரை 20 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். விதிகள் பிரான்ஸின் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் என்ற சைக்கிள் சங்கம் வகுத்தவை. உதவி வண்டி பின்தொடரக் கூடாது; ஓட்டுகிறவர்கள் ஒருவருக்கொருவர் உதவலாம். முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று எழுத வருகிறவர்களுக்கு: நான் பள்ளி ஆசிரியை, என்னுடையது ஒருவர் ஓட்டி விற்ற வண்டி.

ஒருமுறை மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு முன்னுள்ள மண்டபம் என்ற ஊர்வரை போய்த் திரும்பும் 300 கிலோமீட்டர். நாங்கள் நால்வர். மூத்தவர் மாட்டுத்தாவணியில் காய்கறி வியாபாரம் செய்யும் ஓர் அண்ணன். பரமக்குடி தாண்டியதும் கடற்காற்று எதிரே அடித்தது. ஒருவர் பின் ஒருவராக ஓட்டிய எங்கள் வரிசையில் கடைசியாக வந்த கல்லூரி மாணவன் ராமநாதபுரத்துக்கு முன்பே வாந்தி எடுத்துவிட்டான். அண்ணன் அவனை வேப்பமர நிழலில் உட்காரவைத்து, உப்புப் போட்ட மோரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்.

"நீங்கள் போங்கள் அண்ணே, நான் பஸ் பிடித்துக்கொள்கிறேன்."

"பஸ் எப்போதும் இருக்கிறது தம்பி. நீ இரண்டாவதாக வா. இனி வேகத்தை நீதான் சொல்ல வேண்டும்."

வரிசையின் கடைசியில் இருப்பவனுக்குத்தான் அல்லல் அதிகம். முன்னால் வேகம் சற்றுக் கூடினாலும் பின்னால் இடைவெளி விழும்; அதை எட்டிப்பிடிக்க அவன் மூச்சிறைக்க மிதிக்க வேண்டும். இரண்டாமிடத்தில் காற்றும் அவ்வளவாகப் படாது, அந்த இழுபறியும் அவ்வளவாக இராது. எதிர்க்காற்றைத் தாங்கும் முன்னிடத்தை மற்ற மூவரும் மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டோம். அதைவிட முக்கியம், வேகத்தைச் சொல்வது அவன் பொறுப்பாகிவிட்டது. அதுவரை "மெதுவாகப் போகலாம்" என்று கேட்கக் கூச்சப்பட்டே உடம்பைக் கெடுத்துக்கொண்டவன், அதன்பின் தயங்காமல் சொன்னான். உங்கள் குழுவிலும் ஒருவர் வாய் திறக்காமல் பின்தங்கிக்கொண்டிருக்கலாம். அவரிடம் போய் ஊக்கவுரை ஆற்றாதீர்கள். இடத்தை மாற்றிக் கொடுங்கள்.

நேரம் முடியுமுன் நால்வரும் மதுரை சேர்ந்தோம். உடம்பு முடியாதவனை ஓட்டவைக்கலாமா என்று மருத்துவர்கள் யாரேனும் கோபிக்கலாம். மோர் வயிற்றில் தங்கி, அவன் தெளிவாகப் பேசத் தொடங்கிய பிறகே கிளம்பினோம். இல்லையென்றால் அண்ணனே அவனைப் பஸ்ஸில் ஏற்றியிருப்பார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் இதையும் சொல்ல வேண்டும். அதே சாலையில் நான் நிறுத்திய பெட்ரோல் பங்கில் பெண்கள் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. சாவி மேலாளரிடமாம், அவர் வெளியே போயிருந்தாராம். இதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் ஓட்டும் பெண்களை எனக்குத் தெரியும். ராமநாதபுரத்து வெயிலில் அது ஆபத்து. பெண்கள் ஏன் அதிகம் வருவதில்லை என்று ஏற்பாட்டாளர்கள் ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள். எந்தெந்த ஊரில் கழிப்பறை திறந்திருக்கும் என்று நேரில் போய்ப் பார்த்து, அடுத்த பயணத்தின் வழிக்குறிப்பில் அவர்கள் எழுதட்டும்.