காலையின் முதல் அரை மணி நேரம்

கேள்வி: அலாரத்தை மூன்று தடவை தள்ளிப்போட்டு, கண் விழித்ததும் படுக்கையிலேயே செல்போனைப் பார்த்துவிட்டு, அப்புறம் அரக்கப்பரக்கக் கிளம்புவதே என் வழக்கமாகிவிட்டது. ஐந்து மணிக்கு எழப் பழக வேண்டும் என்று இரண்டு முறை முயன்று, ஒரே வாரத்தில் விட்டுவிட்டேன். காலைக்கென்று ஓர் ஒழுங்கு வைத்துக்கொள்வதால் உண்மையிலேயே பலன் உண்டா? என்னைப் போன்றவர்களுக்கு அது சரிப்பட்டு வருமா?

பதில்: பலன் உண்டு, உங்களுக்கும் சரிப்பட்டு வரும். ஆனால் அந்த ஐந்து மணியை முதலில் விட்டுவிடுங்கள். பெரியவர்களுக்கு தினமும் 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும், பன்னிரண்டு மணிக்குப் படுத்துவிட்டு ஐந்து மணிக்கு எழுந்தால் உடம்பு ஒரு வாரம்தான் பொறுத்துக்கொள்ளும். நீங்கள் பாதியில் விட்டதற்குச் சோம்பேறித்தனம் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை, தூக்கம் பற்றவில்லை, அவ்வளவுதான். எத்தனை மணிக்கு எழுகிறீர்கள் என்பதைவிட, தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எழுவதுதான் முக்கியம், விடுமுறை நாளிலும்கூட.

எழுந்தவுடனே மூளை முழுதாக விழித்துக்கொள்வதில்லை. பலருக்கு அந்த மந்தம் தெளிய கால் மணி முதல் அரை மணி நேரம் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அந்த நேரத்தில் போய் செல்போனைத் திறந்தால், யாரோ அனுப்பிய செய்தியும் எங்கோ நடந்த சண்டையும்தான் அன்றைக்கு உங்கள் மனம் எதில் ஓட வேண்டும் என்று முடிவு செய்கின்றன. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம், ஏனென்றால் பலருக்கு நாள் முழுவதிலும் தங்களுக்கென்று கிடைப்பது அந்த அரை மணி நேரம் மட்டும்தான். அதனால் காலையில் என்ன செய்வது என்பதை முந்தின இரவே முடிவு செய்துவிடுங்கள். உடுத்தும் துணியை எடுத்து வையுங்கள், செல்போனை வேறு அறையில் சார்ஜ் போடுங்கள் (அலாரத்துக்குச் சாதாரண கடிகாரம் போதும்). தூக்கக் கலக்கத்தில் யோசித்து முடிவெடுக்கும் வேலையே இருக்கக் கூடாது.

ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால், வெளிச்சத்துக்கு வாருங்கள் என்பேன். நம் உடம்புக்குள் ஓடும் கடிகாரம் பெரும்பாலானவர்களுக்கு 24 மணி நேரத்தைவிடச் சற்றே மெதுவாக ஓடுகிறது, கண் வழியாக மூளைக்குப் போகும் காலை வெளிச்சம்தான் அதைத் தினமும் திருத்தி வைக்கிறது. வீட்டு விளக்கு பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு), மேகமூட்டமான நாளிலும் வெளியில் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். பத்து பதினைந்து நிமிடம் வெளியில் நில்லுங்கள், முடிந்தால் நடங்கள், சூரியனை நேராகப் பார்க்கத் தேவையில்லை. இதன் பலன் காலையில் மட்டுமல்ல, இரவிலும் தெரியும், தூக்கம் நேரத்துக்கு வரும், அது வந்தால் அடுத்த நாள் எழுவது தானாக லேசாகும்.

21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று சொல்வதை நம்பி மனம் உடைந்துபோகாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஆய்வாளர் ஃபிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஒரு செயல் தானாக வரும் அளவுக்குப் பழக, ஆன நாட்களை வரிசைப்படுத்தினால் நடுவில் இருப்பவருக்கு 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிதாக எதுவும் கெட்டுவிடவில்லை என்பதும் அதில் தெரிந்தது, எனக்கு அதில் மிகவும் பிடித்த செய்தி அதுதான்.

கேள்வி: எனக்கு இரவு ஷிஃப்ட். நான் எழுவதே மதியம். எனக்கு இதெல்லாம் பொருந்துமா?

பதில்: நேரத்தை விட்டுவிட்டு வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். எப்போது எழுந்தாலும் தண்ணீர், முகம் கழுவுதல், வெளிச்சம், பத்து நிமிட நடை, அப்புறம்தான் செல்போன். ஷிஃப்ட் வாராவாரம் மாறினாலும் இந்த வரிசை மாறாமல் இருக்கட்டும். வேலை முடிந்து விடிந்தபின் படுப்பவர் என்றால் அறையை நன்றாக இருட்டாக்கிக்கொள்ளுங்கள். போதுமான நேரம் தூங்கியும் வாரக்கணக்கில் அசதி தீரவில்லை என்றால், தள்ளிப்போடாமல் ஒரு மருத்துவரைப் பாருங்கள்.