ஒன்றரை ஷிப்ட்டும் 14 கிலோவும்

கேள்வி: எனக்கு வயது 38. ஊரில் காட்டு வேலை செய்துகொண்டிருந்த நான், 9 ஆண்டுகளாகத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிறேன். வந்தபோது 54 கிலோ, இப்போது 68. நான் அதிகம் சாப்பிடுவதில்லை, அதற்கு வசதியும் இல்லை. ‘உட்கார்ந்தே தின்றால் இப்படித்தான்’ என்கிறார் கணவர். பணக்காரர்களுக்கு வரும் உடல் பருமன் எனக்கு ஏன் வந்தது?
— வாசகி ஒருவர், திருப்பூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் கணவர் சொன்னதில் ‘உட்கார்ந்து’ என்ற சொல் மட்டும் சரி, அதுவும் நீங்களாக விரும்பித் தேடிக்கொண்டதன்று. காலை எட்டரைக்கு மெஷினில் அமர்ந்து, ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு எழுகிறவருக்கு, ஊரில் களையெடுத்தும் தண்ணீர் சுமந்தும் செலவான சக்தியில் பெரும்பகுதி இப்போது செலவாவதே இல்லை. தட்டில் விழும் சோற்றின் அளவோ காட்டு வேலைக் காலத்துப் பழக்கத்திலேயே நின்றுவிடுகிறது.

பருமன் பணக்காரர் நோய் என்பது பழைய பேச்சு. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 2015-16இல் தமிழகப் பெண்களில் 30.9 சதவீதத்தினர் அதிக எடையோ பருமனோ கொண்டிருந்தனர். 2019-21இல் அது 40.4 சதவீதம். இந்தச் சில ஆண்டுகளுக்குள் இத்தனை பேர் திடீரென்று சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

விலையைப் பாருங்கள். ரேஷன் கடையில் அரிசி இலவசம். பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அந்த ஒரு லிட்டரில் 8,000 கலோரிக்கு மேல் இருக்கிறது. அதே 25 ரூபாய்க்கு வெளியே ஏறத்தாழ 4 முட்டைகள்தாம் கிடைக்கும். அவற்றில் 300 கலோரிகூட இராது, ஆனால் உடம்புக்கு வேண்டிய புரதம் இருக்கும். கையில் காசு குறைவாக இருப்பவர் வயிறு நிறைய வேண்டுமென்றால் அரிசி, எண்ணெய், சர்க்கரை, மைதா ஆகியவற்றின் பக்கமே தள்ளப்படுகிறார். (இலவச அரிசியைக் குறை சொல்லவில்லை, பட்டினியை விரட்டியது அதுதான்.) பணத்தைப் போலவே நேரமும் உங்களுக்குப் பற்றாக்குறை. நீங்கள் எழுதவில்லை, ஆனால் மாலை டீயோடு இரண்டு போண்டாவும், சமைக்கத் தெம்பில்லாத இரவுகளில் வழியில் வாங்கும் பரோட்டாவும் உங்கள் கணக்கில் இருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஷிப்ட்டைக் குறையுங்கள் என்று எழுதுவது எனக்கு எளிது. வாடகையை நான் கட்டப்போவதில்லை. ஆகவே கைக்கு எட்டியதைச் சொல்கிறேன். நாளைக்கு 4 டீ என்றால், ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் சர்க்கரையைக் குறைத்தாலே சுமார் 80 கலோரி போய்விடும். போண்டாவுக்குப் பதில் வீட்டில் அவித்த கொண்டைக்கடலையை டப்பாவில் கொண்டுபோங்கள். ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம் பருப்பை ஒரு மாதமும் விடாதீர்கள். சோற்றில் ஒரு கரண்டி குறைத்துப் பருப்பில் ஒரு கரண்டி கூட்டுங்கள். எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் போதும். இஎஸ்ஐ அட்டை இருந்தால் தைராய்டு, சர்க்கரை இரண்டையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். தைராய்டு குறைபாட்டாலும் எடை கூடும்.

கணவருக்கும் வேலை இருக்கிறது. வாரத்தில் மூன்று இரவாவது அவர் அடுப்படியில் நின்றால் பரோட்டாப் பொட்டலம் தானாகக் குறையும். டெய்லர் வீட்டில் டேப்புக்குப் பஞ்சமிராது. இருவரும் இடுப்பை அளந்து பாருங்கள். நம்மவர்களில் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. வரைதான் சரி. அவரை முதலில் அளந்துவிடுங்கள்.