துப்செக் இட்ட இரண்டு கையெழுத்துகள்

கம்யூனிஸ்ட் கட்சிக்குள் இருந்துகொண்டே அதைச் சீர்திருத்த முயன்ற தலைவர்களில் யாருடைய வாழ்க்கை உங்களை மிகவும் யோசிக்க வைத்தது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். செக்கோஸ்லோவாக்கியாவின் அலெக்சாண்டர் துப்செக் என்பதே என் பதில். 1968ஆம் ஆண்டில் அவர் சீர்திருத்தங்களை நடத்திய அந்த எட்டு மாதங்களைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். என்னை விடாமல் தொடர்வதோ, அதற்குப் பிறகு அவர் இட்ட இரண்டு கையெழுத்துகள்.

அவர் பெயரை முதன்முதலில் 1968இல் சிங்கப்பூரின் செம்பவாங்கில் கேட்டேன். அப்பா அங்கிருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் கிராணி, அதாவது எழுத்தர். அந்த ஆண்டு ஜனவரியில்தான், 1971 முடிவதற்குள் தன் படைகளை விலக்கிக்கொள்ளப் போவதாகப் பிரிட்டன் அறிவித்திருந்தது. தளத்தை நம்பிப் பிழைத்த எங்களைப் போன்ற குடும்பங்களில் வேறு பேச்சே இல்லை. ஆகஸ்ட் 21 மாலை வானொலித் தமிழ்ச் செய்தியில், செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகரான பிராக்குக்குள் சோவியத் டாங்கிகள் புகுந்துவிட்டதாகச் சொன்னார்கள். அப்பா எழுந்துபோய் ஒலியைக் குறைத்தார். கம்யூனிஸ்ட் என்ற சொல்லையே அக்கம்பக்கம் பார்த்துவிட்டு உச்சரித்த காலம் அது. "சொந்த ஆளுங்களையே விடல பாத்தியா" என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். நாடு பிறந்து மூன்று ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. இருந்த காவலும் போகப் போகிறது. அவருடைய குரலில் இருந்த கலக்கம் பதின்மூன்று வயதுப் பையனான எனக்கும் தொற்றிக்கொண்டது.

பிற்பாடு தேசிய நூலகத்தில் தேடித் தேடிப் படித்தபோதுதான் அந்த "சொந்த ஆள்" என்ற சொல் எவ்வளவு உண்மை என்று தெரிந்தது. துப்செக் 1921 நவம்பர் 27 அன்று ஸ்லோவாக்கியாவின் உஹ்ரோவெத்ஸ் கிராமத்தில் பிறந்தார். அவர் பெற்றோர் அமெரிக்காவின் சிகாகோவில் வாழ்ந்துவிட்டுத் திரும்பியவர்கள். அவருக்கு மூன்று வயதாக இருக்கையில், சோசலிசத்தைத் தங்கள் கையாலேயே கட்டியெழுப்ப வேண்டும் என்று கிளம்பிய 'இன்டர்ஹெல்போ' என்ற தொழிலாளர் கூட்டுறவோடு அந்தக் குடும்பம் கிர்கிஸ்தானுக்குக் குடிபெயர்ந்தது. பிறகு ரஷ்யாவின் கோர்க்கி நகரம். ஊர் திரும்பியது 1938இல். 1944இல் நாஜிகளுக்கும் அவர்களுடைய கையாள் அரசுக்கும் எதிராக வெடித்த ஸ்லோவாக் எழுச்சியில் அண்ணன் தம்பி இருவருமே சேர்ந்தார்கள். அண்ணன் யூலியஸ் கொல்லப்பட்டார், இவர் இரண்டு முறை காயமடைந்தார். ஐம்பதுகளில் மாஸ்கோவின் கட்சிப் பள்ளியில் மூன்று ஆண்டுகள் படித்தார். பிள்ளைப் பருவம் கழிந்த வீட்டின்மேல் ஒருவருக்கு இருக்கும் பாசத்தைத்தான் அவர் சோவியத் நாட்டின்மேல் வைத்திருந்தார்.

1968 ஜனவரி 5 அன்று, நோவோட்னியின் இடத்தில் கட்சியின் முதற்செயலாளரானார். ஏப்ரலில் வெளிவந்த செயல்திட்டம் கருத்துச் சுதந்திரத்தையும், ஐம்பதுகளில் பொய் வழக்குகளில் தண்டிக்கப்பட்டவர்களுக்கு நீதியையும், ஸ்லோவாக்கியர்களுக்குச் சம உரிமையையும், தொழிற்சாலைகளுக்குத் தாமே முடிவெடுக்கும் உரிமையையும் முன்வைத்தது. ஜூனில் தணிக்கை சட்டப்படியே ஒழிக்கப்பட்டது. மனித முகம் கொண்ட சோசலிசம் என்று அதற்குப் பெயர். ஹங்கேரியின் இம்ரே நாகி 1956இல் சோவியத் தலைமையிலான ராணுவக் கூட்டணியான வார்சா ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்து, பின்னர் தூக்கிலிடப்பட்டவர். துப்செக்கோ விலகும் பேச்சையே எடுக்கவில்லை. நட்பை முறிக்காதவரை நமக்கு ஆபத்தில்லை என்று அவர் உளமார நம்பினார் என்றே நினைக்கிறேன். ஆகஸ்ட் 20 நள்ளிரவு நெருங்கும் வேளையில், கட்சித் தலைமைக் குழுக் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே படையெடுப்புச் செய்தி வந்தது. எதிர்த்துப் போரிட வேண்டாம் என்று மக்களைக் கேட்டுக்கொண்டு ஓர் அறிக்கை விட்டார்கள். விடிந்த பிறகு சோவியத் வீரர்கள் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

முதல் கையெழுத்து மாஸ்கோவில், ஆகஸ்ட் 26 அன்று. சீர்திருத்தங்களைத் திரும்பப் பெறவும் அந்நியப் படைகள் தங்கியிருப்பதை ஏற்கவும் ஒப்புக்கொள்ளும் ஆவணம் அது. கொண்டுசெல்லப்பட்ட தலைவர்களில் ஃபிரான்டிசெக் கிரீகெல் என்ற மருத்துவர் ஒருவர் மட்டும் கையெழுத்திட மறுத்தார். மறுநாள் நாடு திரும்பிய துப்செக் வானொலியில் பேசினார். அந்த ஒலிப்பதிவைப் பல ஆண்டுகள் கழித்துக் கேட்டேன். ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை. பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகிறார். பதிவே தீர்ந்துவிட்டதோ என்று நாம் நினைக்கும் அளவுக்கு அமைதி. பிறகு தொண்டை அடைக்க அடுத்த சொல் வருகிறது. இந்தக் கையெழுத்துக்காக அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாடு முழுவதும் டாங்கிகள் நின்றன. மறுத்தால் எத்தனை பேர் சாவார்கள் என்ற கணக்கு அவர் தலைமேல் இருந்தது.

இரண்டாவது கையெழுத்து அப்படிப்பட்டதல்ல. 1969 ஏப்ரலில் கட்சித் தலைமை, மாஸ்கோ சொன்னபடி நடந்த ஹுசாக்கிடம் போய்விட்டது. துப்செக் கூட்டாட்சி நாடாளுமன்றத்தின் தலைவராக உட்கார்த்தப்பட்டார். படையெடுப்பின் முதலாண்டு நினைவு நாளில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். பலர் அவர் பெயரையே முழங்கியிருப்பார்கள். ஆகஸ்ட் 22 அன்று, அந்த மக்களை மூன்று வாரம் வரை காவலில் வைக்கவும், வேலையிலிருந்தும் கல்லூரியிலிருந்தும் நீக்கவும் வழிசெய்த அவசரச் சட்டம் வந்தது. தடியடிச் சட்டம் என்றே மக்கள் அதை அழைத்தார்கள். அதன் அடியில் துப்செக்கின் கையெழுத்தும் இருக்கிறது.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 1983இல் நான் ஒரு கப்பல் பட்டறையில் ஃபோர்மனாக இருந்தேன். ஜோகூரிலிருந்து வந்து வேலை செய்த ஓர் இளைஞர் இரவு ஷிப்ட்டில் சாரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். பாதுகாப்பு வாரை அவர் மாட்டிக்கொள்ளவில்லை என்று அறிக்கை தயாராகி வந்தது. அன்றிரவு வார் எவருக்குமே கொடுக்கப்படவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் வேலையை விட்டுப் போனால் மற்ற இருபது பேருக்காகப் பேச யார் இருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கையெழுத்திட்டேன். சில மாதங்களுக்குப் பிறகு அதேபோல் இன்னோர் அறிக்கை வந்தது. அதில் கையெழுத்திட எனக்கு அவ்வளவு நேரம்கூட ஆகவில்லை. அந்த இருபது பேருக்காக நான் பேசியதாக ஒரு நாளும் நினைவில் இல்லை. உள்ளே இருந்தால் தீமையைக் கொஞ்சமாவது குறைக்கலாம் என்று துப்செக்கும் எண்ணியிருப்பார் என்று நான் நம்புவதற்கு, என் கையைத் தவிர வேறு சான்று என்னிடம் இல்லை.

ஆனால் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. நான் அவரை மதிப்பது இதற்காகத்தான். 1968இல் செய்தது தவறு என்று ஒப்புக்கொண்டிருந்தால் ஏதோ ஒரு பதவியில் நிம்மதியாகக் காலம் தள்ளியிருக்கலாம். அவர் ஒப்பவில்லை. துருக்கிக்குத் தூதராக அனுப்பினார்கள். சில மாதங்களில் திருப்பி அழைத்து, 1970இல் கட்சியிலிருந்து நீக்கினார்கள். அதன்பின் ஓய்வு பெறும்வரை பிராட்டிஸ்லாவாவில் வனத்துறையில் சாதாரண ஊழியர். வீட்டுக்கு வெளியே ரகசியப் போலீசார். அவரோடு பேசத் துணிந்தவர்களுக்கும் தொல்லை. அந்த நிலையிலும் 1974இல், தான் ஒரு காலத்தில் தலைமை வகித்த அதே நாடாளுமன்றத்துக்கு, இந்தக் கண்காணிப்பைக் கண்டித்தும் தம் சீர்திருத்தங்கள் சரியே என்று வாதிட்டும் நீண்ட கடிதம் எழுதினார்.

1989 நவம்பர் 24 அன்று பிராக்கின் வென்ஸஸ்லாஸ் சதுக்கத்து மாடத்தில், கட்சி ஆட்சியை எதிர்த்த மக்கள் இயக்கத்தின் தலைவரான எழுத்தாளர் ஹாவெலோடு அவர் வந்து நின்றபோது கூட்டம் ஆர்ப்பரித்தது. அன்று மாலையே கட்சித் தலைமை பதவி விலகியது. டிசம்பர் 28 அன்று அவரை மீண்டும் கூட்டாட்சி நாடாளுமன்றத்தின் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன்பு தடியடிச் சட்டத்தில் கையெழுத்திட்டபோது அவர் வகித்த அதே பதவி. 1992 செப்டம்பர் 1 அன்று நெடுஞ்சாலையில் நடந்த கார் விபத்தில் படுகாயமடைந்து, நவம்பர் 7 அன்று காலமானார். அவர் நாடு இரண்டாகப் பிரிய அப்போது இரண்டு மாதங்கள்கூட இல்லை.