கேள்வி-பதில்: பீட்டாவில் ஏறியவர்கள் இறங்கும் வழி

இன்னும் முடியாத சோதனைப் பதிப்பு (பீட்டா) விண்டோஸை ஏற்றிவிட்டு முழித்த ஒருவருக்குச் சென்ற முறை இரண்டு வரியில் பதில் சொல்லியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நம் செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்தே இத்தனை பேர் எழுதுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். திட்டுகளையும் வெட்டிவிட்டேன், உங்களுடையதை மட்டும்.

எங்கள் அரிசி ஆலைக் கணக்கு முழுவதும் ஒரே கம்ப்யூட்டரில் இருக்கிறது. லீவுக்கு வந்த மகன், மைக்ரோசாஃப்ட் சோதனைப் பதிப்புகளைக் கொடுக்கும் இன்சைடர் திட்டத்தில் சேர்ந்து, அதில் டெவ் சேனல் என்ற ஆரம்ப நிலைப் பிரிவில் வரும் விண்டோஸ் 11-ஐ அதில் போட்டுவிட்டான். பில் பிரின்டர் வேலை செய்யவில்லை. கணக்கு மென்பொருளான டேலி பாதியில் நின்றுவிடுகிறது. மூன்று வாரம் ஆகிவிட்டது. ரிக்கவரி பக்கத்தில், பழைய பதிப்புக்குத் திரும்பும் 'கோ பேக்' பட்டன் மங்கிக் கிடக்கிறது. பழையபடி ஆக்குவது எப்படி?
— ஆலை உரிமையாளர், புதுவயல்

நாள் கடந்துவிட்டது, அதனால் மங்கிக் கிடக்கிறது. புதுப் பதிப்பு ஏறியதிலிருந்து 10 நாள்தான் பழைய விண்டோஸ் 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற ஃபோல்டரில் இருக்கும். அப்புறம் இடத்தை மிச்சம் பிடிக்க விண்டோஸே அதை அழித்துவிடும். அந்தப் 10 நாளுக்குள் ஒரு கட்டளை கொடுத்திருந்தால் கெடுவை 60 நாள் வரை நீட்டித்திருக்கலாம். இப்போது அதைப் பேசிப் பயனில்லை.

'இன்சைடரை விட்டு விலகினால் போதும்' என்று யாராவது சொல்லுவார்கள். விலகினால் அடுத்த சோதனைப் பதிப்பு வராது, அவ்வளவுதான். ஏறியது ஏறியபடியே இருக்கும். வெளியீட்டுக்கு நெருங்கிய பீட்டா, ரிலீஸ் பிரிவியூ சேனல்களில் இருப்பவர்கள் அந்தப் பதிப்பு எல்லோருக்கும் வெளியாகும் வரை பொறுத்திருந்து, எதையும் அழிக்காமல் வெளியே வரலாம். டெவ் சேனலில் போனவர் அழித்துப் போடுவதற்குத் தயாராக வேண்டியதுதான்.

அழிப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றைக் கவனமாகச் செய்யுங்கள். டேலி டேட்டா பெரும்பாலும் சி டிரைவில் யூசர்ஸ், பப்ளிக் என்று போனால் உள்ளே இருக்கும். அதை வெளியே ஒரு டிஸ்கில் பிரதி எடுத்து, இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப் இருந்தும் இல்லாததுதான். அப்புறம் டேலிக்குள் போய் லைசென்ஸை 'சரண்டர்' செய்யுங்கள், அதாவது திருப்பி ஒப்படையுங்கள். இதை மறந்துவிட்டு ஃபார்மட் செய்பவர்கள் பிறகு லைசென்ஸுக்காகப் போனில் காத்துக் கிடக்கிறார்கள். பிரின்டர், வைஃபை டிரைவர்களைக் கம்பெனித் தளத்திலிருந்து இறக்கி ஒரு பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். வைஃபை டிரைவர் இல்லாமல் போய், அதை இறக்க நெட் இல்லாமல் விழிப்பது அடிக்கடி நடக்கிறது. ஜிஎஸ்டிக்கு டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்திருந்தால் பயம் வேண்டாம். கையொப்பம் டோக்கனுக்குள்ளேயே இருக்கிறது, அதன் டிரைவரை மட்டும் மறுபடி போட வேண்டும்.

டிரைவையே பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். விழுந்திருந்தால் 48 இலக்கச் சாவி ஒன்று பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். டி டிரைவும் பூட்டியிருந்தால், அதற்குரிய சாவி இல்லாமல் புதிதாகப் போட்ட விண்டோஸ் அதைத் திறக்காது. மகன் தன் கணக்கில் நுழைந்து இந்த வேலையைச் செய்திருந்தால் சாவி அவர் கணக்கில்தான் இருக்கும். அவர் ஹாஸ்டலுக்குக் கிளம்புவதற்கு முன் வாங்கித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

மிச்சம் எளிது. வேறொரு கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இலவசமாக இறக்கி, 8 ஜிபிக்குக் குறையாத பென்டிரைவில் விண்டோஸ் 11-ன் பொதுப் பதிப்பை ஏற்றுங்கள். அந்தப் பென்டிரைவில் ஏற்கெனவே இருந்தது எல்லாம் போய்விடும். கம்ப்யூட்டரை அதிலிருந்து தொடங்கி (பூட் செய்து), சி டிரைவை அழித்து, போடுங்கள். விண்டோஸ் லைசென்ஸ் சாவி கேட்டால் 'என்னிடம் சாவி இல்லை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். முன்பு முறையாக ஆக்டிவேட் ஆகியிருந்த இயந்திரம் என்றால், அதே மதர்போர்டு இருக்கும் வரை நெட் இணைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். இதற்காக யாரிடமும் புது லைசென்ஸ் வாங்காதீர்கள்.

மகனைத் திட்ட வேண்டாம். கணக்கு எழுதும் ஒரே கம்ப்யூட்டருக்கு அட்மின் பாஸ்வேர்டை அவரிடம் கொடுத்தது யார்?

பீட்டா போட்டால் பழைய லேப்டாப் வேகமாகும் என்று வீடியோவில் சொன்னார்கள். போடலாமா?
— பள்ளத்தூர்

வேகமாகாது. போடாதீர்கள்.

லேப்டாப் மெதுவாக இருக்கிறது என்று காரைக்குடியில் ஒரு கடையில் கொடுத்தேன். கேட்காமலே 'இனிமேல் வரப்போகிற புது விண்டோஸ்' என்று ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். பேத்தியின் காதுகுத்துப் படங்கள், வீட்டுப் பத்திரங்களின் ஸ்கேன் எல்லாம் காணோம். ஸ்கேனரும் வேலை செய்யவில்லை. 3,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள், பில் இல்லை. திரும்பக் கேட்டதற்கு 'பேக்கப் எடுத்துவிட்டுத்தானே ஆச்சி கொடுக்கணும்' என்கிறார் அந்தத் தம்பி. மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். என்ன செய்வது?
— ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்

ஆச்சி, முதலில் லேப்டாப்பை அணைத்து வையுங்கள். புதிதாக எதையும் அதில் சேமிக்காதீர்கள். மகனோ விவரம் தெரிந்த உறவுக்காரரோ வந்து சி டிரைவில் 'விண்டோஸ்.ஓல்ட்' இருக்கிறதா என்று பார்க்கட்டும். அழிக்காமல் மேலேயே போட்டிருந்தால் அதற்குள் யூசர்ஸ் ஃபோல்டரில் உங்கள் படங்கள் அப்படியே இருக்கும். அதுவும் 10 நாள் கதைதான், அதனால் இன்றே பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. வேகம் வேண்டும் என்று கொடுத்தால், பல கடைகளில் பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்கை மாட்டுவார்கள். அப்படிச் செய்திருந்தால் உங்கள் படங்கள் அந்தப் பழைய டிஸ்கில்தான் இருக்கின்றன. அது உங்கள் சொத்து, கடைக்காரருடையது அல்ல. 'என் பழைய டிஸ்க் எங்கே?' என்று கேளுங்கள். எஸ்எஸ்டி மாட்டாமல் பழைய ஹார்ட் டிஸ்கையே அழித்திருந்தால் மீட்பு மென்பொருளால் ஓரளவு எடுக்கலாம். எஸ்எஸ்டியை அழித்திருந்தால் அந்த இடத்தை அதுவே துடைத்துவிடும், நம்பிக்கை குறைவு. படங்களை வாட்ஸ்அப்பில் வாங்கிய உறவினர்களிடம் கேட்டுப் பாருங்கள். பத்திரங்களின் அசல் பெட்டகத்தில் இருக்கும்தானே, மறுபடி ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாம்.

இனி என் பழைய கோபம். இந்த ஊர்களில் கம்ப்யூட்டர் கடைக்கு எதைக் கொண்டுபோனாலும் ஒரே மருந்து: 'ஃபார்மட் போட்டுடலாம்'. சத்தம் வந்தாலும் ஃபார்மட், பிரின்டர் வராவிட்டாலும் ஃபார்மட். கதவுக் கீல் கிறீச்சிடுகிறது என்று ஆசாரியைக் கூப்பிட்டால், அவர் தேக்கு நிலையோடு கதவைப் பெயர்த்துக்கொண்டு போய், ஒரு பிளைவுட் கதவை மாட்டிவிட்டு 'இது புதுசு ஆச்சி' என்று கூலி கேட்டால் விடுவீர்களா? இங்கே நடப்பது அதுதான். போடுவதும் என்ன? எங்கிருந்தோ இறக்கிய திருட்டு விண்டோஸ், அல்லது இப்படி ஒரு சோதனைப் பதிப்பு. சோதனைப் பதிப்பு என்றால் அதை எழுதுகிறவர்களே 'இன்னும் முடியவில்லை, குறை இருந்தால் சொல்லுங்கள்' என்று விரும்புகிறவர்களுக்குக் கொடுப்பது. அதை ஒரு வயதானவரின் இயந்திரத்தில் கேட்காமல் ஏற்றிக் காசும் வாங்குவதற்குத் துணிச்சல் வேண்டும். கொடுத்ததற்குச் சீட்டு கிடையாது, என்ன கோளாறு என்று எழுத்து கிடையாது, டேட்டாவை அழிக்கலாமா என்று ஒரு கையெழுத்து வாங்குவது கிடையாது. கேட்டால் 'நம்ம ஆளுதானே' என்பார்கள். பில் கேட்டால் முகம் மாறும்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பில் தராததே முறையற்ற வணிக நடைமுறை. கேட்காமல் அழித்தது சேவைக் குறைபாடு. 'பேக்கப் உங்கள் பொறுப்பு' என்று முன்கூட்டியே எழுதி உங்கள் கையெழுத்தை வாங்கியிருந்தால் அவர் வாதத்துக்கு ஏதாவது பலம் இருக்கும். வாங்கவில்லையே. போனில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவும், கடைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளும் ஆதாரம். எழுத்தில் ஒரு நோட்டீஸ் கொடுங்கள், 15 நாள் கெடு வையுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். அசையவில்லை என்றால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் தொடுக்கலாம். அந்தக் கடையின் பெயரை எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். இங்கே போட முடியாது, நோட்டீஸில் நீங்கள் போடுங்கள்.

பழைய லேப்டாப் ஒன்று 14,000 ரூபாய்க்கு வாங்கினேன். திரையின் வலது கீழ் மூலையில் 'எவாலுவேஷன் காப்பி' என்று மங்கலாக எழுதியிருந்தது. வாங்கும்போதே பார்த்தேன், ஏதோ விளம்பரம் என்று விட்டுவிட்டேன். இப்போது 'இந்தப் பதிப்பு காலாவதியாகப் போகிறது' என்று வருகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
— தேவகோட்டை

பாதி அவர்கள், பாதி நீங்கள். வேட்டி வாங்கினால் விரித்துப் பார்க்கிறோம். 14,000 ரூபாய்ப் பொருளில் திரையிலேயே எழுதியிருப்பதைப் படிக்க மாட்டேன் என்றால் நான் என்ன சொல்ல?

அது இன்சைடர் பதிப்பு. அவற்றுக்கெல்லாம் காலாவதித் தேதி உண்டு. செட்டிங்ஸில் சிஸ்டம், ஆக்டிவேஷன் என்று போய்ப் பாருங்கள். டிஜிட்டல் லைசென்ஸோடு ஆக்டிவேட் ஆகியிருப்பதாகச் சொன்னால், புதுவயல்காரருக்குச் சொன்னபடி பொதுப் பதிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள், செலவில்லை. ஆகவில்லை என்றால் விற்றவரிடம் போங்கள். 'ஒரிஜினல் விண்டோஸோடு' என்று சொல்லி விற்றிருந்தால் அது பொய். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற பலகையைக் காட்டுவார். குறையுள்ள பொருளுக்கு அந்தப் பலகை செல்லாது. பில்லில் வேறு கெடு இல்லாவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கச் சட்டமே இடம் தருகிறது. நாளை எண்ணிக்கொண்டு கிளம்புங்கள். பில் வாங்கினீர்களா என்பதைக் கடிதத்தில் சொல்லவில்லை. ஊகித்துக்கொண்டேன்.

கட்டடக்கலை படிக்கிறேன். நம் ஊர் வீடுகளின் முகப்பு, வளவு, பட்டாலை எல்லாம் அளந்து வரைந்த கோப்புகள் என் மேக்புக்கில் இருக்கின்றன. மேக் ஓஎஸ் பீட்டா போட்டதிலிருந்து வரையும் மென்பொருள் திறக்கவில்லை. 'எல்லாவற்றையும் அழி' என்பதைக் கொடுத்தும் அதே பீட்டாதான் வருகிறது. வாரண்டியும் போய்விட்டதா?
— மாணவி, காரைக்குடி

வாரண்டி போகாது. பொது பீட்டா போட்டதால் வன்பொருள் வாரண்டி ரத்தாகாது என்று ஆப்பிளே சொல்கிறது.

அழித்தும் அதே வந்ததற்குக் காரணம், அந்த வசதி உங்கள் தரவைத்தான் துடைக்கும், ஓஎஸ்ஸைத் தொடாது. பழைய பதிப்பு வேண்டுமென்றால் அதன் இன்ஸ்டாலரை 32 ஜிபி பென்டிரைவில் பூட் ஆகும்படி ஏற்றி, மேக்கின் உள் டிஸ்கை ரிக்கவரியில் அழித்து, அந்தப் பென்டிரைவிலிருந்து போட வேண்டும். ஆப்பிள் சிப் உள்ள மேக் என்றால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் பென்டிரைவைத் தேர்ந்தெடுக்கும் திரை வரும்.

கோப்புகள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பீட்டாவில் இருக்கும்போது மேக்கின் டைம் மெஷின் வசதியால் எடுத்த பேக்கப் பழைய ஓஎஸ்ஸில் ஏறாமல் போகலாம். பீட்டாவுக்கு முன் எடுத்தது இருந்தால் அதை வையுங்கள். அதற்குப் பிறகு வரைந்ததை மட்டும் சாதாரண ஃபோல்டராக வெளி டிஸ்கில் தனியாகப் பிரதி எடுங்கள். ஏற்கெனவே 'அழி' கொடுத்துவிட்டேன் என்கிறீர்கள். அதற்கு முன் பிரதி எடுத்திருப்பீர்கள் என்று நம்பித்தான் இவ்வளவும் எழுதினேன்.

பேசாமல் விண்டோஸ் 10-க்கே திரும்பிவிட்டால் என்ன?
— பொன்னமராவதி

அதற்கான பொதுப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. தனியாகப் பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு கொடுத்தார்கள், 2026 அக்டோபர் 13 வரை. உங்கள் இயந்திரம் 11-ஐத் தாங்குமென்றால் 11-ன் பொதுப் பதிப்பிலேயே இருங்கள். நெட் இணைக்காமல் பில் மட்டும் அடிக்கும் பழைய கம்ப்யூட்டர் என்றால் 10 இருந்துவிட்டுப் போகட்டும்.

போனில் பீட்டா போட்டேன். வங்கிச் செயலி திறக்க மறுக்கிறது. வங்கி மீது புகார் கொடுக்கலாமா?
— கோட்டையூர்

கொடுக்கலாம், சிரிப்பார்கள்.

இதையெல்லாம் பிரதி எடுக்க '2 டிபி பென்டிரைவ்' ஒன்று 599 ரூபாய்க்குக் கிடைக்கிறதே, வாங்கலாமா?
— கண்டனூர்

அதே ரகத்தில் ஒன்று என் மேசை அறையிலும் கிடக்கிறது, தள்ளுபடி விற்பனையில் வாங்கியது. கம்ப்யூட்டரில் செருகினால் கம்பீரமாக 2 டிபி என்று காட்டும். உள்ளே இருப்பது அதில் ஒரு துளிதான். நிரம்பிய பிறகும் 'காப்பி ஆகிறது' என்றே சொல்லும், ஆனால் பழைய கோப்புகள் மேலேயே எழுதிக் கெடுத்துக்கொண்டிருக்கும். பெயர்கள் எல்லாம் தெரியும், ஒன்றும் திறக்காது. விற்றவரின் கடை அந்தத் தளத்திலிருந்தே மறைந்துவிட்டது. மறுபடி வேறு பெயரில் வந்திருப்பார், உங்களுக்குக் காட்டுவது அவராகவே இருக்கலாம்.

தெரிந்த கம்பெனியின் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றை, பில்லோடு, வாரண்டி அட்டையோடு வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக 'ஹெச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டால், சொன்ன கொள்ளளவு உண்மையிலேயே இருக்கிறதா என்று முழுவதும் எழுதிப் படித்துச் சொல்லிவிடும். பெரிய டிஸ்க் என்றால் ராத்திரி முழுவதும் ஓடும், ஓடட்டும். டிஸ்க் காலியாக இருக்கும்போதே செய்யுங்கள்.