ஐந்து பொங்கல், ஒரே கடன்

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் சேலம் அம்மாப்பேட்டை. வயது 34. ஆறு வருடங்களாக ஜெர்மனியில், ஷ்டுட்கார்ட் பக்கம் வேலை. மனைவி, நாலரை வயதுப் பையன். பிடித்தம் போகக் கையில் வருவது மாதம் 4,100 யூரோ. வாடகை 1,450, வீட்டுச் செலவும் பையனின் கிண்டர்கார்டனும் சேர்த்து 1,000, அப்பா அம்மாவுக்கு 200, பர்சனல் லோன் தவணை 475. மாதத்தில் இரண்டு வார இறுதிகளாவது ஸ்ட்ராஸ்பூர்க், பிராக், ஆம்ஸ்டர்டாம் என்று கிளம்பிவிடுவோம். அதற்கு 500 ஆகிறது. பொங்கலுக்கும் ஆடிக்கும் ஊருக்கு வருகிறோம். டிக்கெட்டுக்கு மட்டும் வருடம் 4,800. மொத்தச் சேமிப்பு 3 லட்சம் ரூபாய்தான். ஊர் சுற்றுவதுதான் காரணம் என்கிறார் அப்பா. மனைவி அதை ஒப்புக்கொள்வதில்லை. வீட்டில் இதே பேச்சுதான். இந்த நேரத்தில் என் தாய்மாமா ஏற்காட்டில் அரை ஏக்கர் காபித் தோட்டமும் அதற்குள் ஒரு காட்டேஜும் 25 லட்சத்துக்கு வருவதாகச் சொல்கிறார். விற்கும் கம்பெனியே பராமரித்து மாதம் 20,000 ரூபாய் வாடகை தருமாம். வார இறுதிப் பயணத்தை நிறுத்திவிட்டு, இங்கே இருக்கிற லோனை 25,000 யூரோ கூட்டி வாங்கி இதை முடிக்கலாமா? அடுத்த வாரம் 1 லட்சம் அட்வான்ஸ் தர வேண்டும்.

பதில்: அட்வான்ஸ் தேதி நெருங்குவதால் தோட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம். அதை உங்களால் வாங்க முடியாது. விலை நியாயமா, வாடகை வருமா என்ற பேச்சுக்கே இடமில்லை. வேலைக்காக வெளிநாடு போய் அங்கேயே குடியிருக்கும் நீங்கள் என்ஆர்ஐ. என்ஆர்ஐ இந்தியாவில் வீடு வாங்கலாம், வீட்டுமனை வாங்கலாம், கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகிய மூன்றையும் காசு கொடுத்து வாங்க ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டத்தில் பொது அனுமதி கிடையாது. காபித் தோட்டமும் உள்ளே ஒரு காட்டேஜும் என்றால் அந்த மூன்றும் ஒரே பத்திரத்தில் வந்து நிற்கின்றன. தாத்தா வழியில் வாரிசாக வந்திருந்தால் வைத்துக்கொள்ளலாம், அது வேறு. மீறி வாங்கினால் சம்பந்தப்பட்ட தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் போடச் சட்டத்தில் இடம் உண்டு.

மாமா உடனே, “அப்ப உங்கப்பா பேர்ல எழுதிக்கலாம் மாப்ளே” என்பார். எழுதலாம். ஆனால் நீங்கள் அப்பாவுக்குப் பணத்தைப் பரிசாகக் கொடுத்ததாகவும், தோட்டம் நிஜமாகவே அப்பாவுடையது என்றும்தான் அது இருக்க வேண்டும். அவர் உயில் எழுதாமல் போனால் அம்மாவுக்கும் தங்கைக்கும் உங்களோடு சம பங்கு. பத்திரத்தில் அப்பா பெயர் மட்டும், மனதுக்குள் நம்ம சொத்து என்று வைத்துக்கொண்டால் அது பினாமிச் சட்டத்தில் போய் முட்டும். ஏழு வருடம் தவணை கட்டி இந்தத் தலைவலியை வாங்க வேண்டுமா?

‘நாங்களே பராமரித்து வாடகை தருகிறோம்’ என்கிற இந்த வகைத் தோட்ட விற்பனை இப்போது மலைக்கு மலை நடக்கிறது. ஒரு வாடிக்கையாளருக்காக ஒரு டிசம்பர் மாதம் ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இப்படி ஒரு காட்டேஜைப் பார்க்கப் போயிருந்தேன். கொண்டை ஊசி வளைவு இருபதையும் ஏறி, அதற்கப்புறமும் மண் பாதையில் கொஞ்ச தூரம். விளம்பரக் கையேட்டுப் படத்தில் பிரம்பு நாற்காலி போட்டிருந்த திண்ணையில் காவல்காரர் தார்ப்பாய் விரித்துக் காபிப் பழம் காயவைத்திருந்தார். கதவுப் பூட்டில் தேங்காய் எண்ணெய் விட்டு ஆட்டி ஆட்டித்தான் திறந்தார். சுவரில் இடுப்பளவுக்குப் பாசி, போர்வையை உதறினால் ஈர வாடை. எப்போது ஆள் வருவார்கள் என்று கேட்டேன். “மே மாசம் வருவாங்க சார். அப்புறம் மூணு நாள் சேர்ந்தாப்ல லீவு விட்டா வருவாங்க” என்றார். கையேட்டில் அச்சாகியிருந்த வாடகை, பன்னிரண்டு மாதமும் மே மாதம் என்று வைத்துப் போட்ட கணக்கு. பரிசாகக் கிடைத்தால்கூட யோசித்துத்தான் வாங்குவேன்.

தோட்டம் முடிந்தது. இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கடிதத்தில் பயணத்துக்கு எத்தனை வரி எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள். லோனைப் பற்றி ஒரே ஒரு சொற்றொடர்: ‘தவணை 475’. ஆனால் அதனோடு இணைத்து அனுப்பிய வங்கித் தாள்களில் நான் அரை நாள் உட்கார்ந்தது அந்த லோனில்தான்.

இனி ஒரு யூரோவுக்கு நூறு ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம், கணக்குக்குச் சுலபம். முதல் பொங்கலுக்குத் தங்கை கல்யாணம், 12,000 யூரோ, 84 மாதம், ஏழரை சதவீதம், தவணை சுமார் 184. இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அண்ணன் செய்ய வேண்டியதைச் செய்தீர்கள். அடுத்த பொங்கலுக்கு முன்பு அதே கடனைப் புதுப்பித்து, மேலே 6,000 வாங்கி, மாடியில் ஒரு ரூம் கட்டினீர்கள். மூன்றாவது பொங்கலுக்கு 7,000, மைத்துனரின் கொலுசுப் பட்டறைக்குக் கைமாற்று. நான்காவதுக்கு 6,000, சித்தப்பா மகளின் காலேஜ் சீட்டும் மாமாவின் ஏதோ பழைய பாக்கியும், அதுவும் கைமாற்று. இந்தப் பொங்கலுக்கு 8,500, கோயில் கும்பாபிஷேக நன்கொடை, ஊரில் வந்தால் ஓட்ட ஒரு பழைய கார், மிச்சம் சில்லறை. ஒவ்வொரு முறையும் வங்கி பழைய பாக்கியையும் புதுத் தொகையையும் ஒன்றாக்கி, மறுபடி 84 மாதத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறது.

நான்கு வருடத்தில் நீங்கள் கட்டியது ஏறத்தாழ 13,900 யூரோ. அதில் 5,400 வட்டிக்கே போய்விட்டது. இன்று நிற்கும் பாக்கி 31,000. கல்யாணக் கடனை மட்டும் தொடாமல் விட்டிருந்தால் இந்நேரம் 6,000-க்கும் கீழே வந்திருக்கும். இன்னும் மூன்று வருடத்தில் முடிந்தும் போயிருக்கும்.

ஆக, உங்கள் பிரச்சினை ஆம்ஸ்டர்டாம் இல்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் விமானம் ஏறுமுன் லோனை டாப் அப் செய்து, கை நிறையப் பணத்தோடு சேலத்தில் வந்து இறங்குகிறீர்கள் பாருங்கள், அந்தப் பழக்கம்தான். மாமாவையும் மைத்துனரையும் நான் குறை சொல்ல மாட்டேன். ‘பையன் வரும்போது பணத்தோடுதான் வருவான்’ என்று நான்கு வருடமாக நீங்களே அவர்களுக்குக் காட்டியிருக்கிறீர்கள். கிளம்புகிற நாள் சாயங்காலம் எப்படியிருக்கும் என்று எனக்கும் தெரியும், நானும் இதே ஊர்தான். பெட்டி கட்டி வாசலில் நிற்கும், ஹாலில் தட்டுவடையும் டீயும் சுற்றும், யாராவது ஒருவர், “மாப்ளே, ஒரு நிமிஷம் வெளிய வா” என்று தோளில் கை போட்டுக் கூட்டிப்போவார். பெங்களூரு கார் வந்து ஹாரன் அடிக்கும்போது இல்லை என்று சொல்ல நேரமிருக்காது. சரி மாமா என்றால் ஒரு நொடியில் முடிந்துவிடும்.

கைமாற்றாகக் கொடுத்தது 13 லட்சம் ரூபாய். திரும்பி வந்தது 60,000. ‘தருவார்கள், நேரம் ஆகும்’ என்று ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். தரட்டும், சந்தோஷம். கணக்கில் மட்டும் அதை வரவாக வைக்காதீர்கள்.

இப்போது மாமாவின் திட்டத்தை ஏன் உங்கள் மனம் நம்பியது என்று பாருங்கள். 31,000-த்தோடு 25,000 சேர்ந்தால் 56,000. அதற்கு 84 மாதத் தவணை சுமார் 860 யூரோ. இப்போது கட்டுவதைவிட 385 அதிகம். பயணத்தை நிறுத்தினால் 500 மிஞ்சுகிறதே, கட்டிவிடலாமே என்று தோன்றியிருக்கும். தாளில் கணக்குச் சரியாகத்தான் வருகிறது. ஆனால் அதே 860-ஐ, ஒரு பைசா புதிதாக வாங்காமல் இப்போதைய 31,000-க்கே கட்டினால் கடன் சுமார் 41 மாதத்தில், அதாவது மூன்றரை வருடத்துக்குள் முடிகிறது. 475 வீதம் கட்டினால் போகப்போகிற 8,900 யூரோ வட்டியில் பாதிக்கு மேல் மிச்சம். ஜெர்மனியில் இந்த மாதிரிக் கடனை எப்போது வேண்டுமானாலும் முன்கூட்டிக் கட்டலாம். அதற்கு வங்கி கேட்கக்கூடிய இழப்பீடு, முன்கூட்டிக் கட்டும் தொகையில் அதிகபட்சம் 1 சதவீதம். கடைசி ஒரு வருடத்தில் என்றால் அரை சதவீதம். கூடுதலாகக் கட்ட இலவச வசதி உங்கள் ஒப்பந்தத்திலேயே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அதே ஒப்பந்தத்தில் இன்னொன்றும் பாருங்கள். கடனோடு ஒரு காப்பீட்டையும் சேர்த்துத் தலையில் கட்டியிருக்கிறார்களா? 2025 முதல் கடன் ஒப்பந்தம் போட்டு ஒரு வாரம் கழித்துத்தான் அதை விற்க முடியும் என்று அங்கே சட்டமே வந்துவிட்டது. பழைய டாப் அப்களில் ஏதாவது ஒன்றில் அது ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. இருந்தால் ரத்து செய்து, மீதிப் பிரீமியத்தைக் கேட்டு வாங்குங்கள்.

‘அங்கே வட்டி குறைவு, இங்கே வருமானம்’ என்று ஒரு வாதமும் எழுதியிருந்தீர்கள். நீங்கள் ஜெர்மனிக்குப் போன புதிதில் ஒரு யூரோ 80 ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்தது, இப்போது நூறைச் சுற்றி நிற்கிறது. யூரோவில் கடன் வாங்கி ரூபாயில் வாடகை வாங்குகிறவனுக்கு இது எதிர்த் திசை. யூரோவில் சம்பாதித்து ரூபாயில் கடன் கட்டுகிறவனுக்குத்தான் இது உதவும்.

860-க்கு வழி எங்கே? வார இறுதிப் பயணத்தை முழுக்க நிறுத்தச் சொல்ல மாட்டேன். உங்கள் மனைவி சொல்வதில் பாதி சரி. அந்தக் குளிரில் நாலு சுவருக்குள் சின்னப் பையனோடு உட்கார்ந்திருப்பது எவருக்கும் ஆகாது. 500 வேண்டாம், 300 போதும். விமானத்தில் போகிற பிராக்கை வருடத்துக்கு இரண்டு தடவையாகக் குறைத்துக்கொள்ளுங்கள். நாடு முழுக்க லோக்கல் ரயிலிலும் பஸ்ஸிலும் செல்லும் மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் 2023-ல் 49 யூரோவுக்கு வந்தது, இப்போது ஏறிவிட்டது. இருந்தாலும் லோக்கல் ரயிலில் போடன் ஏரிக்கும் ஹைடல்பெர்குக்கும் அதிலேயே போய்வரலாம். ஸ்ட்ராஸ்பூர்குக்கு எல்லையில் கேல் வரை அந்த டிக்கெட், அங்கிருந்து ரைன் பாலத்தைத் தாண்ட டிராம். ஆறு வயது வரை பையனுக்கு டிக்கெட்டே இல்லை.

இங்கே 200 வந்தது. இன்னொரு 200, ஊருக்கு வரும் இரண்டு பயணத்தில் ஒன்றைக் குறைத்தால் வரும். எதைக் குறைப்பது என்று சண்டை போட வேண்டியதே இல்லை. இன்னும் ஒன்றரை, இரண்டு வருடத்தில் பையன் முதல் வகுப்புக்குப் போவான். அங்கே கிறிஸ்துமஸ் விடுமுறை பொங்கலுக்கு முன்பே முடிந்துவிடும். பள்ளி நாளில் பிள்ளையை ஊருக்குக் கூட்டிவந்தால் அபராதம் வரை போகும். ஜூலைக் கடைசியில் தொடங்கும் கோடை விடுமுறைதான் உங்களுக்குக் கிடைக்கும், ஆடிப் பதினெட்டும் கோட்டை மாரியம்மன் திருவிழாவும் அதோடு ஒட்டியே வரும். எப்படியும் விடப்போகிற பொங்கலை இரண்டு வருடம் முன்னதாக விடுங்கள். அம்மா வருத்தப்படுவார். கடன் முடிந்த பிறகு அந்த மூன்று டிக்கெட் விலையில் ஒரு வருடம் அம்மாவையும் அப்பாவையும் அங்கே கூட்டிப்போக முடியும், அதைச் சொல்லிப் பாருங்கள்.

இந்த 400-ஐ 475-ஓடு சேர்த்தால் 875 ஆகிறது. இப்போதே மாதம் 75 மிஞ்சுகிறது இல்லையா, அதை ‘ஊர்க் கணக்கு’ என்று தனியாக ஒரு கணக்கில் போடுங்கள். அடுத்த ஆடிக்கு வரும்போது அதில் என்ன இருக்கிறதோ அதுதான் எல்லோருக்கும் சேர்த்து. தீர்ந்துபோனால் தீர்ந்தது. மாமாவிடம் வங்கிக் கதையெல்லாம் சொல்லாதீர்கள், அவர் பத்து யோசனை சொல்வார். “கடன் முடியற வரைக்கும் புதுசா எதுக்கும் கை நீட்டறதில்லன்னு முடிவு பண்ணிட்டோம் மாமா” என்று முடியுங்கள். ‘முடிவு பண்ணிட்டேன்’ வேண்டாம், ‘பண்ணிட்டோம்’. இல்லாவிட்டால் பழி முழுக்க மனைவி தலையில் விழும். அதைக் கிளம்பும் நாள் வாசலில் சொல்லாதீர்கள், டிக்கெட் போடுவதற்கு முன்பே போனில் சொல்லிவிடுங்கள்.

அப்பா அம்மாவுக்கு அனுப்பும் 200-ல் கை வைக்க வேண்டாம். 3 லட்சமும் அப்படியே அவசரத்துக்கு இருக்கட்டும்.

அட்வான்ஸ் தராதீர்கள். இந்தப் பதில் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் தந்துவிட்டிருந்தால், திருப்பிக் கேளுங்கள். வராவிட்டால் அந்த 1 லட்சத்தையும் 13 லட்சத்துக்குக் கீழே எழுதி, 14 என்று கூட்டிப் போட்டுவிட்டு அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மீதி 24-க்கு வங்கிப் படி ஏறாதீர்கள்.