ஷூவுக்குள் இல்லாத கூழாங்கல்: கால் நரம்பு வலிக்கு எதை முதலில் வாங்குவது?

கேள்வி: எனக்கு வயது 52. நடக்கும்போது மூன்றாவது, நான்காவது கால்விரல்களுக்கு இடையே மின்சாரம் பாய்ந்தாற்போல வலிக்கிறது. ஷூவுக்குள் கூழாங்கல் கிடப்பதுபோல இருக்கும். கழற்றி உதறினால் ஒன்றும் விழாது. மார்ட்டன் நியூரோமா என்றார் மருத்துவர். மெட்டாடார்சல் பேட் (முன்பாதத்தைத் தாங்க ஷூவுக்குள் ஒட்டும் சிறு மெத்தை) வாங்கி ஒட்டினேன், வலி கூடிவிட்டது. பாதத்தை ஸ்கேன் செய்து எனக்கென்றே இன்சோல் (ஷூவின் உட்தளம்) செய்து தருவதாக ஒரு கடையில் சொல்கிறார்கள். விலை மிக அதிகம். வாங்கலாமா?

பதில்: அதை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். நீங்கள் வாங்கிய பேட் தவறானது என்பதைவிட, அது தவறான இடத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது என்றே நினைக்கிறேன். வலிக்கும் இடத்துக்கு நேர் கீழே மெத்தென்று எதையாவது வைக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் அங்கே வைத்தால், ஏற்கெனவே நசுங்கிக்கொண்டிருக்கும் நரம்பு மேலும் அழுந்தும். விரல்களுக்குச் செல்லும் நரம்பு, முன்பாதத்திலுள்ள நீண்ட எலும்புகளின் முனைகளுக்கு இடையே திரும்பத் திரும்ப நெருக்கப்பட்டு, அதைச் சுற்றியுள்ள திசு தடித்துப்போவதே இந்த நோய். நியூரோமா என்று பெயர் இருந்தாலும் இது உண்மையான கட்டி அன்று, புற்றுநோயும் அன்று. (1876-இல் இதை விவரித்த அமெரிக்க மருத்துவர் மார்ட்டனின் பெயர் நிலைத்துவிட்டது, 1845-இலேயே இதைப் பற்றி எழுதிய ஆங்கிலேயப் பாத மருத்துவர் டர்லாக்கரை யாரும் நினைப்பதில்லை.) அந்த எலும்புகளைச் சற்றுப் பின்னாலிருந்து தாங்கி, முனைகளின் மேல் விழும் பாரத்தைக் குறைப்பதே பேடின் வேலை.

சரியான இடத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். உள்ளங்காலில், விரல்களுக்குப் பின்னால் அழுத்தினால் வலிக்கும் மேட்டில் சிறிது லிப்ஸ்டிக்கைத் தடவி, வெறுங்காலோடு ஷூவை அணிந்து நான்கு அடி நடந்துவிட்டுக் கழற்றுங்கள். இன்சோலில் கறை பதிந்திருக்கும். பேடின் முன்விளிம்பு அந்தக் கறைக்குச் சற்றுப் பின்னால், குதிகால் பக்கமாக அமைய வேண்டும். கறையின் மேல் ஏறக் கூடாது. உடனே ஒட்டிவிடாமல் டேப்பால் பொருத்தி, சில மில்லிமீட்டர் முன்னும் பின்னும் நகர்த்தி, எங்கே இதமாக இருக்கிறது என்று பாருங்கள்.

பேடைவிட முக்கியமானது ஷூ. முன்பக்கம் குறுகிய ஷூவுக்குள் பேடையும் திணித்தால், இருக்கிற கொஞ்சம் இடமும் போய்விடும். கடையில் ஷூவின் இன்சோலை உருவித் தரையில் போட்டு, அதன்மேல் ஏறி நில்லுங்கள்: விரல்கள் விளிம்பைத் தாண்டி வழிந்தால், விற்பனையாளர் எவ்வளவு புகழ்ந்தாலும் அந்த ஷூ உங்களுக்கு ஆகாது. ஓர் அளவு பெரியதாக வாங்கிச் சமாளிப்பதும் சரியன்று; உங்களுக்குத் தேவை நீளம் அன்று, அகலம். குதிகால் உயரம் குறைவாகவும், முன்பகுதி எளிதில் மடங்காத அளவுக்குச் சற்று விறைப்பாகவும் இருக்கட்டும். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில் வாங்கப் போவது நல்லது.

இவற்றைச் சில வாரங்கள் கடைப்பிடித்தும் வலி குறையாவிட்டால், மருத்துவரிடம் கேட்டபின் ஸ்கேன் இன்சோலைப் பற்றி யோசிக்கலாம். ஒருவருக்கென்றே செய்த பொருளைக் கடைகள் பெரும்பாலும் திரும்பப் பெறுவதில்லை என்பதால், பொருந்தாவிட்டால் எத்தனை முறை, எவ்வளவு காலத்துக்குள், கட்டணமின்றித் திருத்தித் தருவார்கள் என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுதி வாங்குங்கள். உங்களுக்கு நீரிழிவு இருந்து பாதம் மரத்தும் போயிருந்தால், மேலே சொன்ன சோதனைகளைத் தனியாகச் செய்யாதீர்கள். பேட் உரசிப் புண்ணானாலும் தெரியாமல் போகலாம்.

கேள்வி: நியூரோமாவைக் கரைக்கும் என்று விளம்பரம் செய்யப்படும் களிம்பு பயன்படுமா?

பதில்: கரைக்காது. எலும்புகளுக்கு இடையே தடித்திருக்கும் நார்த்திசுவைத் தோலின்மேல் தடவும் களிம்பு கரைத்துவிடாது. சிறிது நேரம் மரத்துப்போகச் செய்யலாம். அதற்குமேல் வாக்களிக்கும் விளம்பரத்தை நம்ப வேண்டாம்.

கேள்வி: என் தாயாருக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டும் வலி திரும்பிவிட்டதால், அந்த நரம்பை வெட்டி நீக்கும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். முன்கூட்டியே என்னென்ன வாங்கி வைக்க வேண்டும்?

பதில்: வாங்குவதற்கு முன் மருத்துவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: வெட்டு பாதத்தின் மேற்புறமா, உள்ளங்காலிலா? மேற்புறமானால் கட்டுடன் விரைவிலேயே ஊன்றி நடக்க விடுவார்கள். உள்ளங்காலானால் சில வாரங்களுக்கு ஊன்றுகோல் தேவைப்படலாம். அடிப்பகுதி விறைத்த அறுவைக்குப் பிந்தைய காலணியைப் பல மருத்துவமனைகள் தாங்களே தந்துவிடுவதால், அதைக் கேட்காமல் வாங்கிவிடாதீர்கள். தையல் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் பிரிக்கப்படும். அதுவரை கட்டு நனையாமல் குளிக்க ஓர் உறையும், காலை உயர்த்தி வைக்கத் தலையணைகளும் போதும்.

நரம்பை எடுத்தபின் அந்த இரு விரல்களுக்கு இடையே உணர்ச்சி இல்லாமல் போவது பெரும்பாலும் நிரந்தரம். வெட்டப்பட்ட நரம்பின் நுனி மீண்டும் தடித்து வலிப்பதும் சிலருக்கு உண்டு. இவ்விரண்டையும் தாயாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். புது ஷூவை மட்டும் இப்போது வாங்காதீர்கள். வீக்கம் சில மாதங்கள்வரை நீடிக்கலாம் என்பதால், அறுவைக்கு முன் எடுத்த அளவு அப்போது பொருந்தாது. அகலத்தைக் கூட்டிக் குறைக்க உதவும் பட்டை வைத்த பழைய காலணி ஒன்று இருந்தால், அதுவே இடைக்காலத்துக்கு ஏற்றது.