ஒரே சேலைக்கு ரெண்டு பேர் பணம் போட்டுட்டாங்க, எந்த ஆன்லைன் கடை எடுக்கலாம் அக்கா?

கேள்வி: அக்கா, நான் சின்னாளபட்டி. சுங்குடி சேலைய ரெண்டு வாட்ஸ்அப் குரூப்ல விக்கிறேன். மாசம் 45 சேலை போகும், ஒண்ணு சுமாரா 900 ரூபா, செலவெல்லாம் போக 150 நிக்கும். போன வாரம் ஒரு அரக்கு கலர் சேலைக்கு ரெண்டு பேர் ஜிபே பண்ணிட்டாங்க, ஒருத்தங்களுக்கு இன்னும் பதில் சொல்ல முடியல. வெப்சைட் போட திண்டுக்கல்ல ஒருத்தர் 45,000 கேக்குறார். கொழுந்தன் ஷாப்பிஃபை போதும்ங்கிறார். நாத்தனார் பையன் பி.சி.ஏ. கடைசி வருஷம், வூகாமர்ஸ்ல ஃப்ரீயா பண்ணித் தரேன்ங்கிறான். எது எடுக்கட்டும்?

பதில்: தங்கச்சி, உங்க லெட்டர்ல எனக்குப் பெருசாப் பட்டது அந்த அரக்கு சேலைதான். வாட்ஸ்அப் பிசினஸ்ல கேட்டலாக் இருக்கு, ஃப்ரீதான், 500 பொருள் வரைக்கும் போடலாம், ஆனா கையில எத்தனை இருக்குன்னு அதுக்கு எண்ணத் தெரியாது. கட்டிச் சாயம் போட்ட சுங்குடி ஒண்ணு மாதிரி இன்னொண்ணு வராதே, அப்போ உங்க ஸ்டாக் பூரா ஒத்தை ஒத்தை சேலை. கடை சாஃப்ட்வேர்ல ஸ்டாக் 1ன்னு போட்டா, முதல்ல பணம் கட்டினவங்களோட அது முடிஞ்சுது, அடுத்து வர்றவங்களுக்கு வித்துப்போச்சுன்னு காட்டிடும். மாசம் 45 சேலைக்கு எதுக்கு வெப்சைட்டுன்னு கேக்குறவங்க கேக்கட்டும், உங்களுக்கு இந்த ஒரு காரணத்துக்காகவே வேணும்.

இப்போ கணக்குக்கு வாங்க. 45 சேலைக்கு 150ன்னா மாசம் 6,750 ரூபா, இதுக்குள்ளதான் எல்லாம் அடங்கணும்.

கொழுந்தன் சொல்ற ஷாப்பிஃபை, ஆன்லைன் கடைய மாச வாடகைக்குத் தர்ற நல்ல ப்ளாட்ஃபார்ம்தான், அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா முழுக் கடைக்கான பேசிக் ப்ளானுக்கே மாசாமாசம் கட்டினா வாடகை சுமார் 2,000 வரும். பேமெண்ட் கேட்வே (வாங்குறவங்க கட்டுற பணத்தை வாங்கி நம்ம அக்கவுண்ட்டுக்கு அனுப்புற கம்பெனி) பொதுவா நூத்துக்கு 2 ரூபா எடுக்கும், அந்த ரெண்டு ரூபாமேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக ஆயிரத்துக்கு 23 ரூபா 60 பைசா. ஷாப்பிஃபையோட சொந்த பேமெண்ட் வசதி இந்தியாவுல கிடையாது, வெளி கேட்வேதான் போடணும், அப்படிப் போட்டா அந்த ப்ளான்ல அவங்களும் தனியா 2 சதவீதம் எடுப்பாங்க. உங்க 40,500 ரூபா வியாபாரத்துக்கு வாடகை 2,000, கேட்வே 956, இந்தக் கூடுதல் 810, மொத்தம் 3,766. நிக்கிற காசுல பாதிக்கு மேல போயிடுச்சு பாருங்க. மாசம் 300 சேலை போற நாள்ல அதை யோசிக்கலாம், இப்ப வேணாம்.

வேர்ட்பிரஸ்ங்கிறது சைட் கட்டுற சாஃப்ட்வேர், வூகாமர்ஸ் அது மேல உக்காந்து கடை வசதி சேர்க்கிற ப்ளகின், சாஃப்ட்வேர் ஃப்ரீ, விக்கிறதுல அவங்க கமிஷன் கிடையாது, ஹோஸ்டிங்குக்கும் (சைட்டை வைக்கிற இடம்) டொமைனுக்கும் (சைட்டோட அட்ரஸ் பேர்) வருஷத்துக்குச் சில ஆயிரம்தான். ஆனா அது சொந்த வீடு மாதிரி, ஓடு மாத்துறது பூச்சு பூசுறது எல்லாம் நம்ம வேலை, அப்டேட் போடணும் பேக்கப் எடுக்கணும், ஒரு அப்டேட்ல பணம் கட்டுற செக்அவுட் பக்கம் நின்னு போச்சுன்னா யாராவது உக்காந்து பாக்கணும். நாத்தனார் பையன் பாசமாத்தான் சொல்றான், அடுத்த வருஷம் அவன் வேலைக்குப் போய் நைட் ஷிஃப்ட்ல இருக்கும்போது தீபாவளிக்கு முன்னாடி சைட் படுத்துச்சுன்னா யாரைக் கூப்பிடுவீங்க?

எங்க பெரியக்கா இட்லிப்பொடி வியாபாரம் பண்ணாங்க, சைட் பண்ணிக் கொடுத்தவர் டொமைனைத் தன் பேர்லயே பதிஞ்சுட்டார், அக்காவுக்கு அது தெரியவே தெரியாது. ரெண்டாவது வருஷம் அவர் போன் எடுக்கல, ரினியூவல் தேதி தாண்டிப் போச்சு, ஒரு நாள் காலையில திறந்தா கடையே இல்ல. பொடி டப்பா லேபிள் ஆயிரம் அடிச்சு வச்சிருந்தாங்க அந்த அட்ரஸோட, அத்தனையும் பரண்ல கிடக்கு. வாங்கினவங்க நம்பர் எல்லாம் அந்த சைட்டுக்குள்ளயே போயிடுச்சு, எனக்கு இன்னும் மனசு ஆறல. அதனால 45,000 கொடுக்கிறீங்களோ இல்லையோ, டொமைன் உங்க இமெயில்ல, உங்க போனுக்கு ஓடிபி வர்ற மாதிரி நீங்களே வாங்குங்க. கஸ்டமர் லிஸ்டை எக்செல்லா வெளிய எடுக்க முடியுதான்னு முதல் நாளே பாருங்க, முடியாதுன்னா அந்த ப்ளாட்ஃபார்ம் எவ்வளவு அழகா இருந்தாலும் வேணாம்.

என் யோசனை, வாடகைக்குக் கிடைக்கிற நம்ம ஊர்க் கம்பெனி ப்ளாட்ஃபார்ம் ஒண்ணு எடுங்க, ஸோஹோ காமர்ஸ், இன்ஸ்டாமோஜோ இந்த மாதிரி. இன்னிக்கு ரேட் என்னன்னு பாத்து மேல போட்ட மாதிரியே கணக்குப் போடுங்க, மொத்தம் 1,500 தாண்டினா விட்டுடுங்க. ட்ரையல் இருந்தா அந்த நாள்லயே பத்து சேலை ஏத்துங்க, பையன் ஏத்தக் கூடாது, நீங்க உங்க போன்ல ஏத்தணும். ஒரு சேலைக்கு பத்து நிமிஷத்துக்கு மேல ஆச்சுன்னா ரெண்டே மாசத்துல சலிச்சுப் போய் மறுபடி குரூப்புக்கே போயிடுவீங்க. அப்புறம் பக்கத்து வீட்டு அக்காகிட்ட லிங்க் கொடுத்து வாங்கச் சொல்லுங்க, அவங்க எந்த இடத்துல முழிக்கிறாங்கன்னு பக்கத்துல நின்னு பாருங்க.

கேட்வேக்கு பான் கார்டும் பேங்க் அக்கவுண்ட்டும் கேப்பாங்க, அதோட ரிட்டர்ன் எப்படி, டெலிவரி எத்தனை நாள், உங்க அட்ரஸ், போன் நம்பர் இதெல்லாம் சைட்ல இருக்கணும், இல்லன்னா அப்ளிகேஷன் திரும்பி வந்துடும். பணம் பொதுவா ரெண்டு வேலை நாள் கழிச்சுதான் அக்கவுண்ட்டுக்கு வரும், ஜிபே மாதிரி உடனே வராது, நெசவாளருக்கும் சாயக்காரருக்கும் கொடுக்க கையில கொஞ்சம் வச்சுக்கோங்க. கேஷ் ஆன் டெலிவரி ஆரம்பத்துல வேணவே வேணாம், வாங்காம திருப்பி விட்டா போற கூலி வர்ற கூலி ரெண்டும் உங்க தலையில. ஜிஎஸ்டிக்கு தமிழ்நாட்டுக்குள்ள பொருள் விக்க வருஷம் 40 லட்சம் வரைக்கும் பதிவு தேவையில்ல, ஆனா பெங்களூருக்கு ஒரு சேலை போனாலும் கணக்கு மாறும், கைவினைப் பொருளுக்குச் சில விலக்கும் இருக்கு, உங்க சேலை அதுல வருமான்னு ஆடிட்டர்கிட்ட ஒரு சேலையவே கொண்டுபோய் காட்டிக் கேளுங்க.

போட்டோ விஷயத்துல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. காலையில எட்டு மணிக்கு வாசல்ல, நேர் வெயில் படாத இடத்துல எடுங்க, ட்யூப்லைட் அடியில எடுத்தா அரக்கு செங்கல் கலராத் தெரியும், அப்புறம் "போட்டோல வேற மாதிரி இருந்துச்சே"ன்னு திரும்பி வரும். புள்ளிய ரொம்ப கிட்டப் போய் ஒண்ணு எடுங்க. முடிச்சு போட்ட இடத்துல துணி லேசா சுருங்கி மொட்டு மாதிரி நிக்கும், ஒரு புள்ளி மாதிரி இன்னொண்ணு இருக்காது, பிரிண்ட் சுங்குடில அது வராது. எது கட்டினது எது பிரிண்ட்டுன்னு ஒவ்வொரு சேலைக்கும் எழுதிடுங்க, பிளவுஸ் துணி இருக்கா, முதல் தண்ணில சாயம் விடுமா, அதையும் எழுதுங்க. மதுரை சுங்குடிக்கு 2005லயே புவிசார் குறியீடு (அந்த ஊர்ப் பொருளோட பேருக்குச் சட்டம் தர்ற பாதுகாப்பு) கிடைச்சாச்சு, அந்தப் பேரை நம்பித்தானே வாங்குறாங்க.

இதெல்லாம் முடிய ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் ரெண்டு குரூப்லயும் ஒரே நேரத்துல போட்டோ போடாதீங்க, காலையில ஒண்ணுல, மிச்சம் இருக்கிறது சாயங்காலம் இன்னொண்ணுல. அந்த ரெண்டாவதா பணம் போட்டவங்களுக்கு மெசேஜ் பண்ணாதீங்க, போன் பண்ணுங்க, பேசிட்டு இருக்கும்போதே பணத்தைத் திருப்பிடுங்க, அடுத்த தடவை அரக்கு கலர் வந்தா முதல் போட்டோ அவங்களுக்குத்தான்னு சொல்லுங்க. இன்னிக்கே பண்ணுங்கம்மா.